அமெரிக்காவில் ‘ஷெட்யூல் 4’ மருந்துகள்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ பிள்ளைகளோடு சில மாதம் இருக்கவோ வருபவர்களின் மருந்துப் பையில், சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் நடுவே வேறு சில அட்டைகளும் இருக்கும். தூக்கம் வரவில்லை என்று டாக்டர் எழுதியது ஒன்று, படபடப்புக்கு ஒன்று, முதுகுவலிக்கு ஒன்று, வலிப்புக்கு ஒன்று. ஊரில் இவையெல்லாம் தெருமுனை மெடிக்கலில் கிடைத்தவை. இங்கே இவற்றில் பல ‘கன்ட்ரோல்டு சப்ஸ்டன்ஸ்’, அதாவது தனிச் சட்டத்தின் கீழ் வரும் கட்டுப்பாட்டு மருந்து. கொண்டுவரும் அளவு, எழுதித் தரும் டாக்டர், ரீஃபில் (அதே சீட்டில் மறுபடி வாங்குவது) கணக்கு என்று எல்லாவற்றுக்கும் வேறு விதி. அது தெரியாமல் வந்து, கடைசி அட்டை தீரும் வாரத்தில் டாக்டரைத் தேடி அலைபவர்கள் நிறையப் பேர். கிளம்பும் முன்பே படித்துவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம்.

இது சட்டமும் நடைமுறையும் பற்றிய வழிகாட்டி. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியவை.

1. உங்கள் மருந்து எந்தப் பட்டியலில் வருகிறது என்று பாருங்கள்

1970-இல் வந்த கட்டுப்பாட்டுப் பொருள் சட்டம் மருந்துகளை ஐந்து பட்டியல்களாக (‘ஷெட்யூல்’) பிரிக்கிறது. எண் ஏற ஏறக் கெடுபிடி குறையும். முதல் பட்டியலில் இருப்பவற்றுக்கு மருத்துவப் பயன்பாடே கிடையாது என்பது சட்டத்தின் நிலை. இரண்டாவதில் ஆக்ஸிகோடோன், ஃபென்டனில், அடெரால் போன்றவை. இவற்றுக்கு ரீஃபில் என்பதே இல்லை. மூன்றாவதில் கோடீன் கலந்த டைலனால் (டைலனால் என்பது பாராசிட்டமாலின் அமெரிக்கப் பிராண்டு), டெஸ்டோஸ்டிரோன் போன்றவை. நான்காவதும் ஐந்தாவதும், தவறாகப் பயன்படுத்தவும் அடிமையாகவும் வாய்ப்பு ஒப்பீட்டளவில் குறைவு என்று கருதப்படுபவை. நம்மவர்கள் கொண்டுவருவதில் பெரும்பகுதி இந்த இரண்டில்தான் அடங்கும்.

நான்காம் பட்டியலில் வருபவை, அடைப்புக்குள் ஊரில் பழகிய பெயரோடு: அல்ப்ரஸோலாம் (அல்ப்ராக்ஸ், ரெஸ்டில்), குளோனஸிபாம் (லோனாசெப், குளோனோட்ரில்), லோரஸிபாம் (ஆட்டிவான்), டயஸிபாம் (காம்போஸ்), குளோபஸாம் (ஃப்ரிசியம்), ஃபீனோபார்பிட்டால் (கார்டினால்), ஸோல்பிடெம் (ஸோல்ஃப்ரெஷ்), மோடாஃபினில் (மோடலெர்ட்), டிரமடால் (அல்ட்ராசெட்டில் பாராசிட்டமாலோடு சேர்ந்திருப்பது). டிரமடால் 2014 ஆகஸ்டில்தான் இந்தப் பட்டியலுக்குள் வந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் வாங்கியவர்கள் சொல்லும் அனுபவம் இப்போது பொருந்தாது.

ஐந்தாம் பட்டியலில் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சம்பந்தப்பட்டது ப்ரீகாபலின். சர்க்கரையால் கால் எரிச்சலுக்கு மெத்தில்கோபாலமினோடு சேர்த்துக் கொடுக்கப்படும் காப்ஸ்யூல்களில் இது இருக்கும். ‘நரம்பு வைட்டமின்’ என்று சொல்லிச் சாப்பிடுவார்கள். உள்ளே இருப்பது கட்டுப்பாட்டு மருந்து. வயிற்றுப்போக்குக்கான லோமோட்டில், குறைந்த அளவு கோடீன் கலந்த இருமல் சிரப், வலிப்புக்கான லகோஸமைடு ஆகியவையும் ஐந்தாவதில்தான்.

பெரிய பொறி கூட்டு மாத்திரைகளில் இருக்கிறது. எஸ்ஸிட்டலோப்ராமோடு குளோனஸிபாம் சேர்ந்த நெக்ஸிட்டோ பிளஸ், குளோர்டயஸிபாக்ஸைடு சேர்ந்த லிபோட்ரிப் போன்றவற்றை ‘டென்ஷன் மாத்திரை’ என்று மட்டும் சொல்லித்தான் பலருக்குத் தெரியும். அட்டையின் முன்பக்கப் பெயரை விட்டுவிடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயர்கள் ஒவ்வொன்றையும் மில்லிகிராமோடு தாளில் எழுதுங்கள். அமெரிக்க டாக்டருக்கும் ஃபார்மசிஸ்ட்டுக்கும் அந்தப் பெயர்கள்தான் புரியும். டி.இ.ஏ. எனப்படும் போதைத் தடுப்பு நிர்வாகம் தன் இணையதளத்தில் முழுப் பட்டியலையும் அகரவரிசையில் வைத்திருக்கிறது. எழுதிய ஒவ்வொரு பெயரையும் அதில் தேடிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

இதில் ஒரு மருந்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்: எட்டிசோலாம். எட்டிலாம், எட்டிசோலா என்ற பெயர்களில் இந்தியாவில் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சாதாரணமாக எழுதப்படுகிறது. அமெரிக்காவில் அதற்கு மருந்தாக அனுமதியே கிடையாது. 2023 ஜூலையில் அதை முதல் பட்டியலில், ஹெராயினோடு சேர்த்து, வைத்துவிட்டார்கள். டாக்டர் சீட்டு இருந்தாலும் ஒரு மாத்திரைகூடக் கொண்டுவர முடியாது. இதைச் சாப்பிடுபவர்கள் பயணத்துக்குக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லி, அமெரிக்காவில் கிடைக்கும் மருந்துக்குப் படிப்படியாக மாறிவிட வேண்டும். கிளம்பும் வாரத்தில் போய்ச் சொன்னால் மாற நேரம் இருக்காது; சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

மாநிலங்கள் கூட்டரசின் பட்டியலைவிடக் கூடுதலாகக் கட்டுப்படுத்தலாம். காபாபென்டின் கூட்டரசுப் பட்டியலில் இல்லை. ஆனால் கென்டக்கி, வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் ஐந்தாம் பட்டியலில் இருக்கிறது. ஆகவே நீங்கள் குடியேறும் மாநிலத்தின் ஃபார்மசி வாரியத் தளத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

2. கிளம்பும் முன் காகிதங்களைச் சேருங்கள்

நம் ஊர் மருந்துக்கு அமெரிக்கப் பாட்டிலில் இருப்பதுபோல் நோயாளி பெயர் அச்சடித்த லேபிள் கிடையாது. அட்டையில் கம்பெனி பெயர்தான் இருக்கும். அது உங்களுடையதுதான் என்று காட்டும் வேலையைக் காகிதங்கள்தான் செய்தாக வேண்டும். வேண்டியவை நான்கு.

டாக்டரின் கடிதம். லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், டைப் செய்தது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயர், பிறந்த தேதி, நோயின் பெயர், மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறீர்கள், டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை. இதில் ‘எத்தனை வருடமாக’ என்ற வரிதான் பிறகு அமெரிக்க டாக்டரிடம் அதிகம் உதவும். அதை விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தால் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

மருந்துச் சீட்டு. பயணத்துக்கு ஒரு மாதத்துக்குள் எழுதியது, தேதியோடு.

மெடிக்கல் பில். உங்கள் பெயர், மருந்துப் பெயர், எண்ணிக்கை, தேதி நான்கும் இருக்க வேண்டும். பல கடைகளில் பெயர் இடத்தில் வெறும் ‘கேஷ்’ என்று அடித்துக் கொடுப்பார்கள். பெயரைச் சொல்லிப் போடச் சொல்லுங்கள். கடையின் முகவரி பில்லில் தெளிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஏன் முக்கியம் என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

பழைய ரிக்கார்டு. வலிப்புக்காரர்களுக்கு இ.இ.ஜி., ஸ்கேன் அறிக்கை, மனநல மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சிகிச்சைச் சுருக்கம், முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கை. கடிதத்தை மட்டும் நம்பி இந்த மருந்துகளை எழுத இங்குள்ள டாக்டர்கள் தயங்குவார்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் வையுங்கள். அசலைக் கைப்பையில் மருந்தோடு வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு வராதீர்கள். வாரக் கிழமை போட்ட பிளாஸ்டிக் டப்பா வீட்டுக்கு நல்லது, பயணத்துக்கு ஆகாது. ‘வாங்கியபோது இருந்த அதே உறை’ என்பது விதி. அட்டையைக் கத்தரித்துக் கொண்டுவந்தாலும் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கும் பகுதி போய்விடும். முழு அட்டையாக, முடிந்தால் அட்டைப்பெட்டியோடு கொண்டுவாருங்கள்.

3. எவ்வளவு கொண்டுவரலாம், என்ன சொல்ல வேண்டும்

சொந்த உபயோகத்துக்கான கட்டுப்பாட்டு மருந்தைக் கையில் கொண்டுவர விதி இடம் தருகிறது, முதல் பட்டியல் தவிர. நிபந்தனை இரண்டு. ஒன்று, அசல் உறை. இரண்டு, சுங்க அதிகாரியிடம் நீங்களே சொல்லிவிட வேண்டும்: இது என் சொந்த மருத்துவத் தேவைக்கு, மருந்தின் பெயர் இது. பட்டியல் எண்ணைக் காட்டும் குறி லேபிளில் இல்லையென்றால் (இந்திய அட்டையில் இருக்காது), மருந்தைக் கொடுத்த கடை அல்லது டாக்டரின் பெயர், முகவரி, சீட்டுக்கு எண் இருந்தால் அந்த எண் ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். பில்லில் முகவரி கேட்டது இதற்குத்தான். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். சொல்லிவிட்டால் பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் இருந்து பெட்டியில் அகப்பட்டால், சாதாரணத் தூக்க மாத்திரையும் மறைத்துக் கொண்டுவந்ததாகிவிடும்.

அளவில் இரண்டு வகைக் கணக்கு உண்டு, பலரும் குழம்பும் இடம் இது.

முதல்முறை குடியேற வருபவர்களும் விசிட்டர் விசாவில் வரும் பெற்றோரும் 90 நாள் தேவைக்கு மேல் கொண்டுவராமல் இருப்பது நல்லது. அமெரிக்க அதிகாரிகள் பொதுவாகச் சொல்லும் வரம்பு அதுதான்.

ஏற்கெனவே இங்கே குடியிருந்து, ஊருக்குப் போய்த் திரும்புபவர்களுக்கு வரம்பு மிகக் குறைவு: வெளிநாட்டில் வாங்கிய கட்டுப்பாட்டு மருந்துகள் எல்லாம் சேர்த்து 50 மாத்திரை. ஒவ்வொன்றிலும் ஐம்பது என்று நினைத்துவிடாதீர்கள். அல்ப்ரஸோலாம் 30, ஸோல்பிடெம் 30 என்று எடுத்து வந்தால் 60, வரம்பு தாண்டிவிட்டது. ‘எனக்குக் கிரீன் கார்டு இல்லையே, ஹெச்-1பிதானே’ என்பதும் செல்லாது. நீங்கள் உண்மையில் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் அளவுகோல். அமெரிக்காவில் உங்கள் டாக்டர் எழுதி, இங்குள்ள ஃபார்மசியில் வாங்கி, பயணத்துக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவரும் மாத்திரை இந்த ஐம்பதில் சேராது. அதனால் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இங்கே வாங்கிய பாட்டிலையே கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் வம்பில்லாத வழி.

4. கூரியரில் வரவழைக்காதீர்கள்

பெற்றோர் ஆறு மாதம் தங்க வருகிறார்கள், மாத்திரை மூன்று மாதத்துக்குத்தான் இருக்கிறது, மீதியை மாமா கூரியரில் அனுப்பிவிடுவார். இப்படித்தான் பல வீடுகளில் திட்டம் போடுகிறார்கள். சர்க்கரை, பிரஷர் மருந்துக்கு டாக்டர் கடிதம், பாஸ்போர்ட், விசா நகலோடு அனுப்புவதற்கு ஓரளவு வழி இருக்கிறது. கட்டுப்பாட்டு மருந்துக்கு அந்த வழி கிடையாது. சொந்த உபயோகச் சலுகை கையோடு கொண்டுவருபவருக்கு மட்டுமே. தபாலிலும் கூரியரிலும் வந்தால் அது சட்டவிரோத இறக்குமதி. பார்சல் பறிமுதலாகும், பெறுபவர் பெயருக்குக் கடிதம் வரும். விசா புதுப்பிப்பைக் கண்முன் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கடிதம் தேவையில்லாத தலைவலி.

சீட்டே கேட்காமல் அனுப்பும் இணையதளங்களும் இதே கணக்குதான். அவற்றில் வரும் ‘அல்ப்ரஸோலாம்’ உள்ளே என்ன என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. போலி மாத்திரைகளில் ஃபென்டனில் கலந்திருப்பதாக டி.இ.ஏ. பலமுறை எச்சரித்திருக்கிறது. அதைச் சாப்பிட்டு உயிரையே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆறு மாதம் தங்கும் பெற்றோருக்குச் சரியான வழி, வந்து இறங்கிய முதல் இரண்டு வாரத்திலேயே இங்கே ஒரு டாக்டரிடம் காட்டுவது. பயணக் காப்பீடு பொதுவாக ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராது என்பதால் அந்தச் செலவைக் கையிலிருந்து ஒதுக்கி வையுங்கள்.

5. டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை முதல் வாரமே போடுங்கள்

இந்திய டாக்டர் எழுதிய சீட்டை இங்குள்ள ஃபார்மசியில் நீட்டினால் கட்டுப்பாட்டு மருந்து தர மாட்டார்கள், தரவும் முடியாது. எழுதுபவருக்கு மாநில உரிமமும் டி.இ.ஏ. பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

புதிய நோயாளியாகப் பிரைமரி கேர் டாக்டரிடம் (நம் ஊர்க் குடும்ப டாக்டர் போன்றவர்) இடம் கிடைக்கச் சில வாரம் ஆகும்; மனநல மருத்துவர், நரம்பியல் மருத்துவரிடம் இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். கையில் 90 நாள் மருந்து இருக்கிறதே என்று முதல் இரண்டு மாதத்தை விட்டுவிட்டால் மூன்றாவது மாதம் திண்டாட்டம்தான். இன்ஷூரன்ஸ் கார்டு தபாலில் வரும் வரை காத்திருக்காமல், உறுப்பினர் எண் தெரிந்த அன்றே அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.

போனில் பேசும்போதே கேளுங்கள்: ‘ஏற்கெனவே சாப்பிட்டுவரும் குளோனஸிபாமைப் புதிய நோயாளிக்கு இந்த டாக்டர் தொடர்ந்து எழுதுவாரா?’ பென்ஸோடயஸிபைன் வகையையும் (அல்ப்ரஸோலாம், குளோனஸிபாம், லோரஸிபாம், டயஸிபாம் போன்றவை) டிரமடாலையும் புதியவர்களுக்கு எழுதுவதில்லை என்று வைத்திருக்கும் கிளினிக்குகள் உண்டு. போய் உட்கார்ந்து, பணம் கட்டி, பிறகு அதைக் கேட்டுக்கொண்டு திரும்புவதைவிட முன்பே கேட்பது மேல். இன்ஷூரன்ஸ் இல்லாமல் முதல் சந்திப்புக்கு 150 முதல் 300 டாலர் வரை ஆகலாம். அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் போகும் அர்ஜென்ட் கேர் மையங்களை இதற்கு நம்ப வேண்டாம். பெரும்பாலானவை தொடர் மருந்தாக இவற்றை எழுதுவதில்லை.

சந்திப்புக்கு அட்டைகள், கடிதம், ரிக்கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் அங்கேயே கணினியில் மாநில மருந்துக் கண்காணிப்புப் பதிவேட்டைப் பார்ப்பார். எந்தெந்த டாக்டர் உங்களுக்குக் கட்டுப்பாட்டு மருந்து எழுதினார், எந்தக் கடையில், எந்தத் தேதியில், எத்தனை மாத்திரை வாங்கினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்போது ஐம்பது மாநிலங்களிலும் இது இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு அதில் ஒன்றுமே இருக்காது. அது தவறல்ல, ஆனால் ‘பல வருடமாகச் சாப்பிடுகிறேன்’ என்ற உங்கள் வார்த்தைக்கு ஊர்க் காகிதம் மட்டுமே சாட்சி. சில கிளினிக்குகள் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்தும் சிறுநீர்ச் சோதனையும் கேட்கும். சந்தேகப்படுகிறார்கள் என்று மனம் வருந்த வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான். ஒப்பந்தத்தில் ‘ஒரே டாக்டர், ஒரே ஃபார்மசி’ என்ற வரி இருக்கும். அதன்படி நடங்கள்.

இரண்டு டாக்டரிடம் ஒரே மருந்தை வாங்கி வைத்துக்கொள்வது, ‘கையிருப்பு இருக்கட்டும்’ என்ற நல்ல எண்ணத்தில் செய்தாலும், பதிவேட்டில் அப்படித் தெரியாது. அடுத்த முறை இருவருமே எழுத மறுக்கலாம்.

வீடியோ வழியாக எழுதி வாங்க முடியுமா என்று பலரும் கேட்பார்கள். 2008-இல் வந்த சட்டப்படி, இணையம் வழியாகக் கட்டுப்பாட்டு மருந்து எழுத ஒருமுறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும். கோவிட் காலத்தில் தளர்த்தி, அந்தச் சலுகையைக் கெடு வைத்து நீட்டித்து வந்திருக்கிறார்கள். கெடு முடிந்தால் வீடியோ டாக்டர் கைவிரித்துவிடுவார். நேரில் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருப்பதுதான் நிலையான ஏற்பாடு.

6. ஃபார்மசியில் முதல்முறை

சீட்டு பெரும்பாலும் டாக்டரின் கணினியிலிருந்து நேராக ஃபார்மசிக்குப் போய்விடும். நியூயார்க் 2016-லும், டெக்சாஸ் 2021-லும், கலிஃபோர்னியா 2022-லும் மின்சீட்டைக் கட்டாயமாக்கின. ஆகவே டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்குள் எந்தக் கிளை என்று முகவரியோடு சொல்லிவிடுங்கள். அந்தக் கடையில் மருந்து இருப்பு இல்லையென்றால், சீட்டை வேறு கடைக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். 2023 ஆகஸ்டு முதல் இதற்கு அனுமதி இருக்கிறது. கடைக்காரர் தெரியாது என்றால் டாக்டர் அலுவலகத்தைக் கூப்பிட்டு, பழையதை ரத்து செய்து புதிதாக அனுப்பச் சொல்லுங்கள்.

புகைப்பட அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். வாங்கப் போவது மகனோ மருமகளோ என்றால் அவர்களுடைய அட்டையைக் கேட்பார்கள். நோயாளியின் பெயர், பிறந்த தேதி மனப்பாடமாக இருக்கட்டும்.

செலவு பயப்படும்படி இருக்காது. இந்தப் பட்டியலின் பழைய மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஜெனரிக் உண்டு. அல்ப்ரஸோலாம், குளோனஸிபாம், ஸோல்பிடெம், டிரமடால் போன்றவை 30 மாத்திரை, தள்ளுபடி கூப்பன் போட்டால் பெரும்பாலும் 10 முதல் 20 டாலருக்குள் முடியும். கூப்பன் இல்லாத கவுன்டர் விலை அதே மருந்துக்குக் கடைக்குக் கடை பல மடங்கு மாறும். கூப்பன் விலையைப் பார்க்காமல் கார்டைத் தேய்க்காதீர்கள். புதிய பிராண்டு தூக்க மருந்துகள் விலை அதிகம். இன்ஷூரன்ஸ் முன் அனுமதி கேட்டுச் சில நாள் இழுக்கும்.

பாட்டில் கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் லேபிளைப் படியுங்கள்: பெயர், மருந்து, மில்லிகிராம், எண்ணிக்கை, மீதி ரீஃபில், கடைசித் தேதி. இந்த மருந்தை வேறு யாருக்கும் கொடுப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது என்ற எச்சரிக்கை வரியும் இருக்கும். மாத்திரைகளை அங்கேயே எண்ணிவிடுங்கள். வீட்டுக்குப் போய் ‘இரண்டு குறைகிறது’ என்றால் கட்டுப்பாட்டு மருந்தில் யாரும் எளிதில் ஏற்க மாட்டார்கள்.

டிரமடால் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாராசிட்டமாலுக்கு இங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர். அல்ட்ராசெட் வகைக் கூட்டு மாத்திரையோடு டைலனாலும் சேர்த்துப் போட்டால் ஒரே மருந்து இரட்டிப்பாகி ஈரலைக் கெடுக்கும்.

7. ரீஃபில் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

மூன்றாம், நான்காம் பட்டியல் மருந்துக்கு விதி இதுதான்: ஒரு சீட்டுக்கு அதிகபட்சம் ஐந்து ரீஃபில், அதுவும் ஆறு மாதத்துக்குள். ஆறு மாதம் என்பது சீட்டு எழுதிய தேதியிலிருந்து. நீங்கள் முதலில் வாங்கிய தேதியிலிருந்து அல்ல.

ஜனவரி 10-இல் எழுதிய சீட்டு ஜூலை 10-க்கு மேல் செல்லாது. ஊர்ச் சரக்கு தீரட்டும் என்று மார்ச்சில்தான் முதல் பாட்டில் வாங்கினால், ஜூலை வரும்போது லேபிளில் ‘மீதி ரீஃபில் 1’ என்று இருந்தாலும் அது வீண். டாக்டரைப் பார்த்துப் புதுச் சீட்டு வாங்கியாக வேண்டும். சீட்டு வாங்கிய நாளே காலண்டரில் ஐந்தாவது மாதத்தில் ‘டாக்டர் அப்பாயின்ட்மென்ட்’ என்று குறித்துவிடுங்கள்.

ஐந்தாம் பட்டியல் மருந்துக்குக் கூட்டரசின் இந்த ஆறு மாத வரம்பு கிடையாது, டாக்டர் எழுதியபடி. மாநிலம் வேறு வரம்பு வைத்திருக்கலாம்.

மாநிலங்கள் இந்த விதியை இன்னும் இறுக்குகின்றன. நியூயார்க்கில் அல்ப்ரஸோலாம், குளோனஸிபாம் போன்ற பென்ஸோடயஸிபைன்களுக்கு ரீஃபிலே கிடையாது. ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு, பொதுவாக 30 நாள் அளவு. பீதி நோய், வலிப்பு போன்ற சில நோய்களுக்கு டாக்டர் குறியீடு போட்டு மூன்று மாத அளவு எழுதலாம். இந்தச் சலுகையைக் கேட்டு வாங்குங்கள். கலிஃபோர்னியாவில் ஐந்து ரீஃபில் உண்டு, ஆனால் ரீஃபில்கள் எல்லாம் சேர்ந்து 120 நாள் அளவைத் தாண்டக் கூடாது. நியூஜெர்சியில் இருக்கும் நண்பர் சொன்ன கணக்கு ஆற்றுக்கு அக்கரையில் நியூயார்க்கில் பொருந்தாமல் போவது இதனால்தான்.

சீக்கிரம் வாங்கும் வழக்கம் இங்கே நடக்காது. 30 நாள் மாத்திரையை 28-ஆம் நாளுக்கு முன் பெரும்பாலான கடைகள் தராது; இன்ஷூரன்ஸும் தடுக்கும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பயண டிக்கெட்டோடு இரண்டு வாரம் முன்பே டாக்டரிடமும் இன்ஷூரன்ஸிடமும் ‘விடுமுறைச் சலுகை’ கேளுங்கள். கிளம்பும் நாள் காலையில் கேட்டால் கிடைக்காது.

எப்போதாவது மட்டும் தேவைப்படும் மருந்து என்றால் முழு எண்ணிக்கையும் வாங்க வேண்டியதில்லை. முப்பதுக்குப் பத்து மட்டும் கொடுங்கள் என்று கேட்கலாம். மீதியை அதே ஆறு மாதத்துக்குள் வாங்கிக்கொள்ள விதி அனுமதிக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதுவே நல்லது.

8. கடை மாற்றும்போதும் வீடு மாற்றும்போதும்

மீதமுள்ள ரீஃபிலை வேறு ஃபார்மசிக்கு மாற்றலாம், ஒரே ஒருமுறை. மறுபடி மாற்ற முடியாது. ஒரே கம்பெனியின் கிளைகள் பொதுவான கணினிப் பதிவில் இயங்கினால் அவற்றுக்குள் மீதி இருக்கும் ரீஃபில் வரை மாற்றிக்கொண்டே போகலாம். அடிக்கடி ப்ராஜெக்ட் மாறி ஊர் ஊராகப் போகும் வேலை உங்களுடையது என்றால், நாடு முழுக்கக் கிளை உள்ள சங்கிலிக் கடையில் கணக்கு வைப்பது உதவும்.

மாநிலம் தாண்டிப் போகும்போது ரீஃபிலை நம்பி இருக்காதீர்கள். வெளிமாநிலச் சீட்டை ஏற்பதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. கடைக்காரருக்கு மறுக்கும் உரிமையும் உண்டு. பழைய ஊரை விட்டுக் கிளம்பும் வாரம் ஒரு மாத மருந்தை வாங்கிக்கொண்டு, புதிய ஊரில் அப்பாயின்ட்மென்ட்டை முன்பே போட்டுவிட்டுப் போங்கள்.

9. மாத்திரை தொலைந்தால், தீர்ந்தால்

திருட்டுப் போனால் போலீசில் புகார் செய்து அறிக்கை எண் வாங்குங்கள். டாக்டரும் கடையும் முதலில் கேட்பது அதைத்தான். சும்மா தொலைந்துபோனால் திரும்ப எழுதுவது டாக்டர் விருப்பம். ஒப்பந்தத்தில் ‘தொலைந்தால் மாற்று கிடையாது’ என்று பல கிளினிக்குகள் எழுதியே வைத்திருக்கும்.

தீர்ந்துபோய்விட்டது, டாக்டர் கிடைக்கவில்லை என்றால், ‘இருந்தவரை சாப்பிட்டோம், விட்டுவிடலாம்’ என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். தினமும் பல மாதம் பென்ஸோடயஸிபைன் அல்லது ஃபீனோபார்பிட்டால் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, குழப்பம் வரும். வலிப்பு வரை போய் உயிருக்கு ஆபத்தாகலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-இல் பென்ஸோடயஸிபைன்கள் எல்லாவற்றின் மருந்துக் குறிப்பிலும் கட்டம் போட்டு அச்சிடும் எச்சரிக்கையில் இதைச் சேர்த்தது. டாக்டர் அலுவலகத்தின் இரவு நேர எண்ணைக் கூப்பிடுங்கள். கிடைக்கவில்லையென்றால் காகிதங்களோடு எமர்ஜென்சிக்குப் போங்கள், சில நாளைக்கான அளவாவது எழுதித் தர வாய்ப்பு உண்டு. நடுக்கமோ வலிப்போ தொடங்கிவிட்டால் 911.

10. ஒரு மாத்திரைகூட அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்

பக்கத்து அபார்ட்மென்டில் இருக்கும் நண்பருக்கு விமானப் பயணத் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுப்பது நம் பழக்கத்தில் உபகாரம். இங்கே சட்டப்படி அது விநியோகம். நான்காம் பட்டியல் மருந்தை விநியோகிப்பதற்குக் கூட்டரசுச் சட்டத்தில் ஐந்து வருடம் வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் வைத்திருந்தாலே முதல்முறைக்கு ஒரு வருடம் வரை சிறை, குறைந்தது 1,000 டாலர் அபராதம். ஒரு மாத்திரைக்கு யாரும் அந்த உச்சம் வரை போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் விசாவில் இருப்பவருக்கு அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு இருக்கிறது. குடியேற்றச் சட்டம் கட்டுப்பாட்டு மருந்து தொடர்பான தண்டனையை நாடு கடத்தவும், திரும்ப நுழைய விடாமல் தடுக்கவும் காரணமாக வைத்திருக்கிறது. அதில் விலக்கு, சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் வரை கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு குற்றத்துக்குத்தான். அல்ப்ரஸோலாமுக்கு அந்த விலக்குகூட இல்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

இதனால், உங்கள் பெயர் லேபிள் ஒட்டிய பாட்டிலிலிருந்து மாத்திரையைத் தனியே எடுத்துக் கைப்பையில் போட்டு அலைய வேண்டாம். வழக்கு என்று எதுவும் வந்தால், சிறியதென்று சொல்லி ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடாமல், முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

11. கார் ஓட்டுதலும் வேலைக்கான சோதனையும்

சீட்டு இருப்பது வண்டி ஓட்ட அனுமதி ஆகாது. தூக்க மருந்தின் மயக்கத்தில் ஓட்டினால் குடித்துவிட்டு ஓட்டியதற்கு நிகரான வழக்குதான். ஸோல்பிடெம் காலையிலும் ரத்தத்தில் மிஞ்சும், பெண்களுக்குக் கூடுதலாக. அதனால்தான் 2013-இல் பெண்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். ஊரில் 10 சாப்பிட்ட பெண்ணுக்கு இங்கே 5 எழுதினால் டாக்டர் தவறு செய்துவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

வேலைக்குச் சேரும்போது சிறுநீர்ச் சோதனை கேட்டால், சில சோதனைகளில் பென்ஸோடயஸிபைனும் பார்ப்பார்கள். முடிவைச் சரிபார்க்கும் மருத்துவர் உங்களைப் போனில் கூப்பிடுவார். அவரிடம் சீட்டு விவரத்தைக் கொடுத்தால் போதும். தெரியாத எண் என்று அந்த அழைப்பை விட்டுவிடாதீர்கள். அமெரிக்கச் சீட்டு வாங்கும் முன்பே சோதனை வந்துவிட்டால் ஊர் டாக்டரின் கடிதமும் பில்லும்தான் உங்களுக்குத் துணை.

12. மிஞ்சிய மாத்திரை

மருந்து மாறிவிட்டது, பாதி பாட்டில் மிச்சம் என்றால் ஊருக்குப் போகும் யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். டாக்டரிடம் திருப்பவும் முடியாது. பல ஃபார்மசிகளிலும் போலீஸ் நிலையங்களிலும் மருந்து போடும் பூட்டிய பெட்டி இருக்கிறது. கட்டணம் இல்லை, கேள்வி இல்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் டி.இ.ஏ. நடத்தும் சேகரிப்பு நாளிலும் போடலாம். பாட்டில் லேபிளில் உங்கள் பெயர் இருக்கும் இடத்தைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுப் போடுங்கள். அருகில் பெட்டி இல்லையென்றால், பழைய காப்பித்தூளோடு மாத்திரையைக் கலந்து, மூடிய பையில் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம்.